பால்குடி மறந்தால் போதுமா?

கண் திறந்துவிட்டது, தட்டில் வைத்த சோற்றையும் மீனையும் தின்கிறது, இனி யாருக்காவது கொடுத்துவிடலாம். பூனைக்குட்டி விஷயத்தில் நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு இதுதான். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: மலையிறங்கும் கார். பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது என்றால், குட்டியும் அட்டைப்பெட்டியில் ஏறிவிடும். அன்று அதற்கு ஐந்து வாரமா ஒன்பது வாரமா என்று யாரும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி போகும் நாளை முடிவு செய்ய வேண்டியது காரும் அல்ல, குட்டியின் வயிறும் அல்ல. எட்டு வாரம் நிறையாத குட்டியை எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது. இடமும் மனமும் இருந்தால் பன்னிரண்டு வாரம்வரை அது தாயோடு இருக்கட்டும்.

வயிறு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்று பாருங்கள். பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ 100 கிராம்தான் இருக்கும். ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். நான்காம் வாரத்தில் மெல்ல உணவில் வாய் வைக்கும். எட்டாம் வாரம் நெருங்கும்போது பால்குடி மறந்துவிடும். இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். அதே வாரங்களில் குட்டியின் தலைக்குள்ளும் இரத்தத்துக்குள்ளும் நடப்பவை நமக்குத் தெரிவதில்லை. அவை வயிற்றைவிட மெதுவாக முடிகின்றன. சோறு தின்னும் குட்டி வளர்ந்த குட்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

தோட்டத்து வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு முதல் காரணம் எலி. அதனால் எலியிலிருந்தே தொடங்குவோம். குவோ என்ற சீன உளவியலாளர் 1930இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்றைக்கும் படிக்கச் சுவையானது. அவர் குட்டிகளை மூன்று விதமாக வளர்த்தார். தாய் எலியைக் கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலி பிடித்தன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 மட்டும் பிடித்தன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளிலோ 3தான். தனியாக வளர்ந்த 9 குட்டிகளும் பிடித்தன என்பதை மறந்துவிடக் கூடாது; வேட்டைக்கான உந்துதல் பிறப்பிலேயே ஓரளவு இருக்கிறது. ஆனால் அதைத் தீட்டுவது தாய். முதலில் செத்த எலியைக் கொண்டுவந்து குட்டிகள் முன் போடும். பிறகு பாதி உயிரோடு கொண்டுவரும். கடைசியில் ஓடக்கூடிய எலியையே விட்டுப் பார்க்கும். இந்தப் பாடம் தொடங்குவதே குட்டி திட உணவைத் தொடும் வாரங்களில்தான். ‘எலி பிடிக்க ஒரு பூனை வேண்டும்’ என்று சொல்லிவிட்டு ஐந்து வாரக் குட்டியைக் கேட்பது, பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளையை நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்புவது போன்றது.

எலி வேண்டாம், கொஞ்சுவதற்குத்தான் பூனை என்பவர்களுக்கு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஆய்வு இருக்கிறது. 2017இல் வெளியான அதில் ஏறத்தாழ 5,700 வளர்ப்புப் பூனைகளைப் பற்றிய தகவல்கள் ஆராயப்பட்டன. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகளிடம் பிற்காலத்தில் மூர்க்கம் அதிகமாகக் காணப்பட்டது. பதினான்கு வாரம் கடந்து பிரிக்கப்பட்டவை அமைதியாக இருந்தன. ஓயாமல் உடம்பை நக்கிக்கொள்வது போன்ற பழக்கங்களும் அவற்றிடம் குறைவு.

அறிவியல் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்ப வேண்டும். இந்தத் தகவல்கள் உரிமையாளர்கள் நிரப்பிய கேள்வித்தாள்களிலிருந்து வந்தவை. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிகள், மோசமாகப் பராமரிக்கப்பட்ட வீடுகளிலிருந்தே வந்திருந்தால்? இரண்டு சேர்ந்து நிகழ்வது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாவது வேறு. நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் குட்டிகளின் விளையாட்டைக் கவனித்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இருக்காது. நான்காம் வாரத்தில் தொடங்கும் விளையாட்டுச் சண்டையில் ஒரு குட்டி கொஞ்சம் அழுத்திக் கடித்தால், கடிபட்டது கத்திவிட்டு விலகிப்போகும். விளையாட்டு நின்றுவிடும். எவ்வளவு கடிக்கலாம், நகத்தை எப்போது உள்ளே இழுக்க வேண்டும் என்பதைக் குட்டி இப்படித்தான் படிக்கிறது. இந்த வகுப்பைத் தவறவிட்ட பூனை நம் கையில்தான் அந்தப் பாடத்தைப் படிக்கும்.

‘ரொம்ப நாள் வைத்திருந்தால் புது வீட்டோடு ஒட்டாதே’ என்று அத்தையோ பாட்டியோ சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் காலம் குறுகியது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் நடத்திய ஆய்வுகள் அதை இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம்வரை என்று காட்டின. அந்த நாட்களில் மனிதக் கை படாத குட்டி பிறகு எளிதில் நெருங்குவதில்லை. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். இந்தக் காலம் முழுவதும் குட்டி தாயின் மடியில் இருக்க வேண்டிய காலம். மனிதரோடு பழக்க வேண்டிய பொறுப்பு புது வீட்டுக்கு உரியதே அல்ல. குட்டி பிறந்த வீட்டுக்கு உரியது. கார்ஷின் ஆய்வில் தினமும் 40 நிமிடம் கையில் வைத்திருந்த குட்டிகள், 15 நிமிடம் மட்டும் வைத்திருந்தவற்றைவிட மனிதரிடம் விரைவாக வந்தன. லயத்து வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிள் சத்தம், மிக்சி, தொலைக்காட்சி என்று எல்லாம் ஒரே சுவருக்கு அப்பால் இருக்கின்றன. வெவ்வேறு ஆட்கள் தினமும் தூக்கிப் பழக்கினால், பன்னிரண்டு வாரக் குட்டியும் புது வீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

இரத்தத்தின் கதை இன்னும் கடுமையானது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவைதாம் குட்டியின் முதல் கவசம். வாரங்கள் போகப்போக அந்தக் கவசம் தேய்கிறது. சிக்கல் என்னவென்றால், அது இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. போன பிறகு கிருமியையும் தடுக்காது. எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பதினாறு வாரம்வரை திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசிகூடப் போடாத ஆறு வாரக் குட்டியை வேறு பூனைகள் உள்ள வீட்டுக்கு அனுப்புவது, கவசம் மெலிந்திருக்கும் நேரம் பார்த்துப் போருக்கு அனுப்புவதுதான். பூனைகளின் வெள்ளணுக்களை அழிக்கும் பார்வோ வகை வைரஸ், பூனை செத்துப்போன வீட்டில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும்.

இங்கிலாந்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்க 2018 முதல் தடை உண்டு. அங்குள்ள பூனை வளர்ப்போர் சங்கம் ஒன்று பதின்மூன்று வாரம் என்று வைத்திருக்கிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் விலங்கின் தேவைகளைக் கவனிக்கும் கடமையை அதன் உரிமையாளர்மீதே வைக்கிறது.

சரி, இவ்வளவு அவசரம் ஏன் வருகிறது? அடுத்த ஈடு வரப்போகிறது என்பதால்தான். பூனையின் இனப்பெருக்கத்தைப் பகலின் நீளம் கட்டுப்படுத்துகிறது. ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் சுருங்கும்போது அது ஓய்ந்துவிடும். தானா ராத்தாவோ நிலநடுக்கோட்டுக்கு நாலரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு அரை மணி நேரம்தான். இங்கே பூனைக்கு ஓய்வு காலமே இல்லை. பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். ஒன்பது வாரத்தில் அடுத்த குட்டிகள். நான்கு மாதப் பெண்குட்டியும் சினையாகலாம். குட்டிகளைச் சீக்கிரம் அனுப்புவதால் இந்தச் சுழல் நிற்காது. தாய்க்குக் கருத்தடை செய்தால்தான் நிற்கும். குட்டிகள் பால்குடி மறந்ததும் கால்நடை மருத்துவரிடம் நாள் கேட்டு வையுங்கள். அதுவரை தாயை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

தேயிலைச் செடிகளுக்கு அடியில் ‘அநாதைக்’ குட்டிகளைக் கண்டு தூக்கி வருவதும் உண்டு. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம், இரை தேடப் போயிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். மழை, நாய் போன்ற ஆபத்து இருந்தால் மட்டும் உடனே எடுங்கள். குட்டியின் உடலில் கரும்புள்ளிகளும், காதின் பின்புறம் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் கையே வைக்காதீர்கள். அது மலாயில் கூச்சிங் பத்து எனப்படும் சிறுத்தைப்பூனையாக இருக்கலாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

தாயில்லை என்று உறுதியானால் முதல் எதிரி பசி அல்ல, குளிர். ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் இரவு வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும். முதல் வாரக் குட்டியால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூட முடியாது. உடல் சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியால் சூடு கொடுத்து, பிறகுதான் பால். அதுவும் பூனைக்குட்டிக்கென விற்கும் பால்மாவு. தேநீருக்கு வைத்திருக்கும் டின் பால் வேண்டவே வேண்டாம். அது வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

பிறந்த தேதி தெரியாத குட்டியின் வயதை எப்படி அறிவது? கண்ணைப் பாருங்கள். எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலம்தான். ஆறு ஏழு வாரத்தில்தான் பச்சையோ மஞ்சளோ ஏறத் தொடங்கும். கண் இன்னும் முழு நீலமாக இருந்தால் குட்டி போகக் கூடாது (சயாம் வகைக்கு இது பொருந்தாது, அதற்கு ஆயுள் முழுவதும் நீலம்). சமையலறைத் தராசில் வைத்தால் ஒரு கிலோவை நெருங்க வேண்டும். மணல் பெட்டியைத் தானே தேடிப்போக வேண்டும். மூக்கிலும் கண்ணிலும் நீர் வடியக் கூடாது.

தேதி தெரிந்தவர்களுக்கு வேலை எளிது. குட்டி போட்ட நாளைக் காலண்டரில் எழுதி, 84ஆம் நாளை வட்டமிட்டு வையுங்கள். சித்தப்பா அதற்கு முன் வந்தால், அடுத்த விடுமுறைக்கு வரச் சொல்லுங்கள். அவர் வரும்போது குட்டிகள் இரண்டு மிஞ்சியிருந்தால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ரிங்லெட் தாண்டித் தாப்பாவரை வளைவுக்குமேல் வளைவு. குட்டிக்கும் தலை சுற்றும். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுங்கள். தாய் படுத்த துணி ஒன்றைத் துவைக்காமல் பெட்டிக்குள் போடுங்கள். கீழே போனதும் வெயில் சுடும். பூட்டிய காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிட இறங்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லி அனுப்புங்கள்.