சவர்க்காரம் மடித்த சங்கிலி

சில வாரங்களுக்கு முன் இப்பகுதியில் முட்டையின் வெண்கருவைப் பற்றி எழுதியபோது, சவர்க்காரம் பட்டால் புரதத்தின் உருவம் குலைந்துவிடும் என்று ஒரே வரியில் கூறி முடித்துவிட்டோம். நேயர் ஒருவர், "எந்தப் புரதமாயினும் அப்படித்தானா?" என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. நாம் எழுதியது பாதி உண்மைதான். உருவமற்றுக் கிடக்கும் ஒன்றுக்குச் சவர்க்காரமே உருவம் கொடுப்பதும் உண்டு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. அது மடியும் வகைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று சுருளி, நமது தலைமயிரில் இருப்பது இது. மற்றொன்று தகடு, சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கி, சேலைக் கொசுவம் போல மடிந்து நிற்பது. பட்டு நூலில் இதைக் காணலாம். 1948 இல் ஒக்ஸ்போட்டில் தடிமன் பிடித்துப் படுக்கையில் கிடந்த லைனஸ் போலிங், துப்பறியும் கதைகள் அலுத்துப்போகவே, ஒரு தாளில் சங்கிலியை வரைந்து மடித்து மடித்துப் பார்த்தாராம். 1951 இல் அவரும் கோரியும் பிரான்சனும் வெளியிட்ட சுருளியில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிட்டதே அவருடைய வெற்றி.

இயற்கைப் புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள் கலந்து வருவதால், எது எதனால் மடிகிறது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே ஒரே அமினோ அமிலத்தைத் திரும்பத் திரும்பக் கோத்துச் செயற்கைச் சங்கிலிகளைச் செய்தனர். இலைசின் என்பதை மட்டும் கோத்த பொலிலைசினை 1940களின் இறுதியில் தயாரித்தவர்களுள் ஒருவர் எபிரைம் கச்சால்ஸ்கி. பிற்காலத்தில், 1973 இல், இஸ்ரேலின் ஜனாதிபதியானவர் இவரே.

பொலிலைசினின் ஒவ்வொரு கண்ணியிலும் நான்கு காபன் நீளமான ஒரு பக்கக் கிளை உண்டு. சாதாரண நீரில் அதன் நுனி நேரேற்றம் கொண்டிருக்கும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி எந்த உருவமும் கொள்ளாது நீண்டு கிடக்கும். நீரில் காரத்தைக் கூட்டினால் ஏற்றம் நீங்கிச் சுருளியாகும். அதனையே 50 பாகை வரை சூடாக்கினால் தகடாகும்.

இனிச் சவர்க்காரத்துக்கு வருவோம். ஆய்வுகூடத்தில் பயன்படுவது சோடியம் தொடெசைல் சல்பேற்று. சவர்க்காரத்தின் உறவினர் என்று சொல்லலாம். பற்பசையிலும் ஷாம்புவிலும் இருப்பது. இதன் வால் 12 காபன் நீளமுள்ளது. நமது தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதியாக உள்ள லோரிக் அமிலத்திலிருந்தே அந்த வாலைச் செய்துகொள்ளலாம். தலையோ எதிரேற்றம் உடையது. பொலிலைசின் கரைசலில் இதைச் சிறிதளவு இட்டால், தலைகள் பக்கக் கிளைகளின் நுனிகளைப் பற்றிக்கொள்கின்றன. வால்கள் நீரை வெறுத்துத் தம்முள் நெருங்குகின்றன. தள்ளுதல் தணிந்ததும் சங்கிலி மடிகிறது. ஹாவட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்க்காரும் டோட்டியும் 1966 இல் இதனை எடுத்துக்காட்டினர். சூடாக்காமலே, காரம் இடாமலே கிடைத்த உருவம் தகடு!

இதைக் கண்ணால் பார்க்க முடியாது. வலமாகவும் இடமாகவும் சுழலும் புறஊதா ஒளியைக் கரைசலினூடே செலுத்தி, எது கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று அளப்பார்கள். சுருளியாயின் 208, 222 நனோமீற்றர்களில் இரு பள்ளங்கள் தோன்றும். தகடாயின் 217 அளவில் ஒன்றே தோன்றும்.

நம்மை மிகவும் வியக்கவைத்தது இனி வருவது. ஓர்னிதின் என்ற அமினோ அமிலம் இலைசினைப் போன்றதே. பக்கக் கிளையில் நான்குக்குப் பதிலாக மூன்று காபன்கள், அவ்வளவே வேறுபாடு. ஏற்றமும் ஒன்று, சவர்க்காரமும் ஒன்று. ஆயினும் பொலி-ஓர்னிதின் சுருளியாகவே மடிகிறது! 1973 இல் சத்தாகே, யாங் ஆகியோர் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார்கள். ஒரே ஒரு காபன் கூடினால் பட்டின் மடிப்பு. குறைந்தால் மயிரின் மடிப்பு. பக்கக் கிளையே எதிரேற்றம் உடைய பொலிகுளுட்டாமிக் அமிலத்திலோ இச்சவர்க்காரம் ஒட்டுவதே இல்லை. அதற்கு நேரேற்றத் தலையுள்ள வேறு இனம் வேண்டும்; அதைச் சேர்த்தால் சுருளி பிறக்கும்.

சவர்க்காரத்தின் அளவும் முக்கியம். லீற்றர் நீரில் 2.3 கிராம் அளவைத் தாண்டினால் அதன் மூலக்கூறுகள் தாமே கூடித் திரள்களாகும். மேற்சொன்ன மடிப்பு அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. அல்சைமர் நோயாளரின் மூளையில் படியும் அமிலோயிட்டு-பீற்றா என்னும் சிறு சங்கிலியைச் செயற்கையாகச் செய்து இதே பொருளுடன் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சவர்க்காரம் குறைவாக இருந்தால் அது தகடாகித் திரள்கிறது. திரள்கள் நிறைய இருந்தால் சுருளியாக அடங்குகிறது. நோயில் படிவதும் தகடுதான். உயிர்க்கலத்தின் மென்சவ்வும் நீரை வெறுக்கும் வால்களால் ஆனதாகையால், இச்சோதனை சவர்க்காரத்தைப் பற்றியது மட்டுமன்று.

வெண்கருவைப் பற்றிய வரி தவறன்று. இயற்கைப் புரதம் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 1.4 கிராம் சவர்க்காரத்தைப் பற்றிக்கொண்டு தன் பழைய உருவத்தை இழக்கிறது. ஆனால் அப்போதும் அது வெறும் நூலாகிவிடுவதில்லை. இடையிடையே புதிய சுருளிகள் தோன்றுகின்றன. அவ்வரியைக் கத்தரித்து ஒட்டிவைத்திருக்கும் நேயர்கள் "குலைந்துவிடும்" என்பதை "மாறிவிடும்" என்று திருத்திக்கொள்வார்களாக.