உள்ளத்திற்கும் நிழல் வேண்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். தேனி மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூரினின்று போடிமெட்டு நோக்கி மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகின்றது. அதற்கப்பால் விரிந்து கிடப்பன ஏலமலைச் சரிவுகள். வைகறையில் தோட்டத் தொழிலாளர் ஜீப்புகளில் மலையேறுவர், மாலையில் மீள்வர். ஊரினுள் ஏலக்காய்க் கடைகளில் மகளிர் அமர்ந்து காய்களைத் தரம் பிரிப்பர். இவ்வுழைப்பின் பயனாகவே பல இல்லங்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிப் படியேறுகின்றனர்.

ஏலம் நிழலை விரும்பும் பயிர். நாற்றங்காலில் பந்தலின் கீழும், மலையில் ஓங்கிய மரங்களின் கீழும் அது வளரும். கடுவெயிலில் தனித்து நிற்பின் அதன் இலை கருகும். அதனைக் கண்டு, 'இச்செடி வலிமையற்றது' என்று எந்த உழவனும் பழிப்பதில்லை. நிழல் எங்கே குறைந்தது என்றே நோக்குவான். செடிக்குக் காட்டும் இப்பரிவினைக் கல்லூரி செல்லும் இளைஞர்க்கு உலகம் காட்டுகின்றதா என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவள் அன்னை போடியில் ஏலக்காய் பிரிப்பவள். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவள் அம்மகளே. தொலைவிலுள்ள நகரொன்றில் விடுதியில் தங்கிப் பயில்கின்றாள். பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. முதற்பருவத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டாள். அன்னை தொலைபேசியில், "சாப்பிட்டாயா, அம்மா?" என்று வினவுகின்றாள். "சாப்பிட்டேன், அம்மா" என்று விடை வருகின்றது. உண்மையில் அவள் உண்ணவுமில்லை, உறங்கவுமில்லை. 'அம்மாவின் உழைப்பை வீணாக்கினேன். நான் யாவர்க்கும் சுமை' என்னும் எண்ணம் அவள் உள்ளத்தை அரிக்கின்றது.

இத்தகைய தனிமையே பேரிடர். தற்கொலை எண்ணம் தேர்வுத் தோல்வி ஒன்றினால் மட்டும் விளைவதன்று. பல துன்பங்கள் ஒருங்கு கூடி, அவற்றோடு வாய்திறக்கவொட்டா நாணமும் சேர்கையில், 'இனி வழியே இல்லை' என்று உள்ளம் மயங்குகின்றது. அம்மயக்கம் நிலையானதன்று, உரிய துணையும் மருத்துவமும் கிட்டின் தெளியும். காய்ச்சலுற்றவர் மருத்துவரை நாடுவதைப் போன்றே, உள்ளம் நலிந்தவர் மருத்துவரை நாடுதலும் இயல்பேயாம்.

"மனவுறுதி ஒன்றே போதாதோ?" என்பாரும் உளர். இடுக்கண் அழியாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நட்பினைப் பற்றி அதிகாரங்கள் பல வகுத்தார். உறுதியும் துணையும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது இதனாற் புலனாகும்.

எனின், அம்மாணவியின் அறைத்தோழி செய்யத்தக்கது யாது? உணவும் உறக்கமும் குன்றுதல், எவரோடும் பேசாது ஒதுங்குதல், 'நான் இல்லாதிருப்பதே நலம்' என்று கூறுதல், விரும்பிப் பேணிய பொருள்களைப் பிறர்க்கு வழங்கிவிடுதல் ஆகியவை புறக்கணிக்கலாகாத அறிகுறிகள். இவற்றைக் கண்டால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அன்புடன் நேரே கேட்டல் வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. அடைபட்ட துயர் வெளிப்பட வழி பிறக்கின்றது. இடைமறித்து அறிவுரை கூறாமல் செவிசாய்த்தல் வேண்டும். பின்னர், அவளைத் தனியே விடாது, நம்பத்தக்க ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்லல் வேண்டும். 'எவரிடமும் சொல்லாதே' என்று அவள் வேண்டினும், உயிர்காக்கும் பொருட்டு மூத்தோரிடம் உரைப்பது நட்பிற்கு இழுக்காகாது.

தோழியின் கை மட்டும் போதாது. நாடும் கைகொடுத்தல் வேண்டும். 1986ஆம் ஆண்டில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சினேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தோற்றுவித்தார். பள்ளிப் பொதுத்தேர்வில் தவறியோர் ஓராண்டு வீணே காத்திராவண்ணம் தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு ஏற்பட்டது. 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடும் வழக்கம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு இயற்றப்பெற்ற மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிர்விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதித் தண்டியாது பேணுமாறு விதிக்கின்றது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். நூறும் அதற்கு மேலும் மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதிவாய்ந்த மனநல ஆலோசகரை அமர்த்த வேண்டுமென 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. இந்நெறி ஏட்டளவில் நின்றுவிடாது ஒவ்வொரு கல்லூரியிலும் செயலாதல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. நிழல் மிகுந்தாலும் ஏலம் செழிக்காது. ஆதலின் மழைக்கு முன்னர் உழவர் மரக்கிளைகளை அளவறிந்து கழிப்பர். அதுபோல, பிள்ளைகளைக் கைவிடுதலும் தகாது. ஓயாது நெருக்குதலும் தகாது. மதிப்பெண்ணை வினவுமுன் மனநிலையை வினவுதல் நன்று.

தவறிய தேர்வை மீண்டும் எழுதலாம், படிப்பை மாற்றலாம், வேறு தொழிலும் பயிலலாம். போடியில் அவ்வன்னை நாள்தோறும் ஏலக்காயைத் தரம் பிரிக்கின்றாள். தன் மகளை அவ்வாறு தரம் பிரிக்க அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. அவளுக்கு வேண்டுவது மதிப்பெண் அன்று, மகளே. இவ்வுண்மையைத் துயருற்ற உள்ளம் மறந்திருக்கும் வேளையில் அதனை நினைவூட்ட, அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். அவ்வொருவராக விளங்குதல் கற்றார் யாவர்க்கும் கடன்.