அய்யராவதற்குக் கல்யாணம் எதற்கு?

லுத்தரன் சபைகளில் போதகரை 'அய்யர்' என்று அழைப்பது வழக்கம். அந்த அய்யர் யாராக இருக்கலாம் என்பதில் உலகத்து லுத்தரன்களுக்குள் பதினைந்து வருஷங்களுக்கு மேலாகத் தகராறு. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெரிய லுத்தரன் சபை, ஒரே துணையோடு உண்மையாக வாழும் தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கும் குருப்பட்டம் உண்டு என்று 559க்கு 451 வாக்கில் முடிவு செய்தது. அதே வருஷம் நவம்பரில் சுவீடன் சபை, இன்னொரு பெண்ணோடு வாழும் ஏவா ப்ரூன்னே என்ற அம்மையாரை ஸ்டாக்ஹோம் பேராயராக்கியது. கோபித்துக்கொண்ட அமெரிக்கர்கள் மறுவருஷமே தனிச்சபை கண்டார்கள். எத்தியோப்பியாவின் மேகானே யேசுஸ் சபை 2013ல் சுவீடனோடும் அமெரிக்காவோடும் உறவை முறித்துக்கொண்டது. பிரான்சில் லுத்தரன்களும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்த ஐக்கிய சபை, 2015ல் ஒருபால் தம்பதிகளை ஆசீர்வதிக்கலாம் என்று 94க்கு 3 வாக்கில் தீர்மானித்தது. அதை நான் பிரெஞ்சிலேயே படித்தேன். காரைக்காலில் படித்த பிரெஞ்சு இப்படி எப்போதாவது உதவுகிறது.

திருவாலங்காட்டில் குடியிருக்கும் சைவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரைக்காலில் இருந்து தரங்கம்பாடி சுமார் பதினைந்து கிலோமீட்டர். லுத்தரன்கள் எனக்கு அண்டைவீட்டார். (காரைக்காலில் இருந்து இந்த ஊருக்கு எனக்கு முன்பே வந்த அம்மையார் தலையால் நடந்து வந்தார். நான் ரயிலில் வந்தேன். ஒப்புமை அவ்வளவுதான்.)

'இது வெள்ளைக்காரன் வியாதி, நம் மண்ணில் கிடையாது' என்பதுதான் நம்மவர்கள் முதலில் சொல்வது. தரங்கம்பாடியை டென்மார்க்காரர்கள் 1845ல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அதனால் 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டமும் அதன் 377ஆம் பிரிவும் அங்கே வந்து சேர்ந்தன. காரைக்காலில் இருந்தது பிரெஞ்சுச் சட்டம். வயதுவந்த இருவர் சம்மதித்து நான்கு சுவருக்குள் செய்வதை பிரான்ஸ் 1791லேயே குற்றப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. ஆக, நண்டலாற்றுக்கு வடகரையில் ஜெயில், தென்கரையில் ஒன்றுமில்லை. இதில் எது மண்ணின் வழக்கம்? 377ஐத் தளர்த்த நம் உச்ச நீதிமன்றத்துக்கு 2018 செப்டம்பர் வரை ஆயிற்று.

குருப்பட்டத் தகராறும் தரங்கம்பாடிக்குப் புதிதல்ல. சீகன்பால்கு 1706ல் வந்து இறங்கினார். முதல் தமிழ் போதகராகக் கடலூர் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1733ல். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். முன்னாள் படைவீரர், உழைப்பில் யாருக்கும் குறைந்தவரில்லை. பறையர் குலத்தவர் என்பதால் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றச் சாதியார் மறுப்பார்களே என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741ல் இன்னொருவரை நியமித்தார்கள். சபையார் முகம் சுளிப்பார்கள் என்பதைத் தவிர அவரிடம் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கு அந்தச் சபையில் யாராவது அதை நியாயம் என்பார்களா?

என்னோடு ஆபீசில் வேலை பார்த்த லுத்தரன் நண்பர் ஒருவர். அவர் தம்பி மகன் இறையியல் படித்தவன், நல்ல குரல், ஜெபம் செய்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குருப்பட்டத்துக்கு முன் கல்யாணம் ஆகவேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். அப்படி எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் கிடையாது. கல்யாணமாகாத அய்யரை எந்த ஊர்ச் சபையும் ஏற்காது என்பதுதான் வழக்கம். பையன் பெரியப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். 'ஒரு பெண்ணைக் கட்டினால் சரியாகிவிடும்' என்றார் நண்பர். 'அவளுக்கு எது சரியாகும்?' என்று பையன் கேட்டானாம். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிறான்.

அந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாக்கெடுப்பு, உறவு முறிவு என்று பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணை நினைப்பதே இல்லை. பொய்க் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு முப்பது வருஷம் 'அய்யரம்மா'வாகச் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியவள் அவள். யார் வீட்டுப் பெண்ணோ.

வேதத்தை வைத்து வாதாட எனக்குத் தகுதி இல்லை. நண்பர் பவுலின் நிருபங்களை விரல் வைத்துக் காட்டுவார். மனச்சாட்சியோடு நம்பித்தான் காட்டுகிறார். எத்தியோப்பியர்களும் சும்மா முறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இங்கே அதைச் சொல்லாமல், கல்யாணம் பண்ணிக்கொண்டு வா என்கிறார்கள். தமிழ் லுத்தரன் சபையின் முதல் பேராயர், 1921ல் பொறுப்பேற்ற ஹெய்மன், சுவீடன்காரர். அந்த நாட்டுச் சபையோடு நூறு வருஷ உறவு உள்ளவர்களுக்கு இதைப் பற்றி வாய்திறந்து பேசுவதில் என்ன கூச்சம்?

என்னைக் கேட்டால் அந்தப் பையனுக்குப் பட்டம் கொடுக்கலாம். கொடுக்க மனமில்லாவிட்டால், கல்யாணமாகாதவரும் அய்யராகலாம் என்பதையாவது அடுத்த ஆலோசனைச் சங்கத்தில் எழுதி வைக்கட்டும். அதற்கு எந்த வேதவசனமும் குறுக்கே நிற்காது. பவுலுக்கே கல்யாணம் ஆகவில்லை என்று நண்பர்தான் எனக்குச் சொன்னார்.