தோல் இருக்கையின் அழுக்கு யாருடையது?

"தம்பி, இது மாட்டுத் தோலா?"

சென்னைப் புறநகரில் ஒரு கார் டீட்டெயிலிங் கடை. வாராவாரம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற வண்டி என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாடிக்கையாளர் இந்தக் கேள்வியைக் கேட்டார். வெளிநாட்டுக் கம்பெனி கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, உள்ளே தோல் இருக்கைகள். நான் வாயைத் திறப்பதற்குள் கடை முதலாளி முந்திக்கொண்டார். "இல்ல சார், இது இம்போர்டட் லெதர்." அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. வெளிநாட்டில் மாடு இல்லையா என்று அவரும் கேட்கவில்லை, முதலாளியும் சொல்லவில்லை.

எனக்கு ஆய்வு உதவித்தொகை ஏழு மாதமாக வராமல் இருந்த காலம் அது. பகலில் நூலகம், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இருக்கை துடைக்கும் வேலை. முனைவர் பட்ட ஆய்வாளன் கார் துடைத்தான் பாருங்கள் என்று உங்கள் அனுதாபத்தைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கார் துடைப்பவர்கள் எல்லாரும் துடைக்கத்தான் செய்கிறார்கள், நான் மட்டும் என்ன விதிவிலக்கு. அந்த வேலையில் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல வந்த விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

இருக்கை உண்மையிலேயே தோல்தானா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 'லெதர் சீட்' என்று சொல்லி விற்கப்படுபவற்றில் ஏராளமானவை ரெக்சின் வகை. துணியின் மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசியது. நிஜத் தோல் போட்ட வண்டிகளிலும் பலவற்றில் உட்காரும் இடம் மட்டும்தான் தோல், பக்கவாட்டில் ரெக்சின். தோல்தான் என்று தெரிந்த பிறகு, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். உறிஞ்சிக்கொண்டு கறுத்தால் மேற்பூச்சு இல்லாத தோல், மிகுந்த கவனம் தேவை. முத்துப்போல் நின்றால் பூச்சுள்ள தோல். இன்றைய கார்களில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதாவது, நம் கை தொடுவது தோலை அல்ல. அதன்மேல் அடித்த நிறப்பூச்சையும் அதற்கும் மேலே உள்ள மெல்லிய பாலியூரித்தேன் படலத்தையும்தான்.

தூசியை முதலில் வாக்குவம் போட்டு எடுத்துவிட வேண்டும். மணல் துகள் இருக்கும்போது துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலாகும். பிறகு காரம் இல்லாத மென்மையான சோப்பு நுரை, மிருதுவான பிரஷ், நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. ஒரு சாண் இடம் முடித்து அடுத்த சாண். துளையிட்ட இருக்கையில் நேராக எதையும் தெளிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் நாற்றம் போகவே போகாது. துணி துவைக்கும் பவுடர், வினிகர், தின்னர், சானிடைசர் எதுவும் ஆகாது. பாட்டி வைத்தியம் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அது மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். பிறகு கண்டிஷனர். பூச்சுள்ள தோலில் அது உள்ளே போவது மிகக் குறைவு. உராய்வைக் கொஞ்சம் குறைக்கும், பூச்சு தேய்ந்த இடத்திலும் விரிசலிலும் உதவும். 'தோலுக்கு ஊட்டம்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி வாரம் ஒருமுறை பூசுகிறவர்கள் கடைக்காரருக்குத்தான் ஊட்டம் தருகிறார்கள். வண்டியை நிழலில் நிறுத்துவதும் அடிக்கடி துடைப்பதும் அதைவிடப் பலன் தரும்.

சரி, அந்த ஈரத்துணியில் வருகிற அழுக்கு என்ன? வெயில் ஊரில் உட்கார்ந்தவருடைய வியர்வை. தலை சாய்க்கும் இடத்தில் தலையெண்ணெய். கை வைக்கும் இடத்தில் உடம்பின் பிசுக்கு. வெளிர் நிறத் தோலில் ஜீன்ஸ் பேன்ட்டின் நீலச்சாயம். குழந்தை சிந்திய பால். மாட்டிலிருந்து வந்த அழுக்கு ஒரு துளிகூட இல்லை. அழுக்கு முழுவதும் முதலாளி வர்க்கத்து முதுகிலிருந்து வந்தது. தீட்டு என்ற சொல்லுக்குப் பொருள் அழுக்கு என்று இன்னும் நம்புகிறவர்கள் ஒருநாள் இந்தத் துணியைப் பிழிந்து பார்க்கலாம்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வாணியம்பாடிப் பக்கம். இருக்கையில் கட்டைவிரலை அழுத்தி, சுருக்கம் எப்படி விழுகிறது, எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு, மேல்தோலா, கீழ்ப்பிளவில் பூச்சு ஏற்றியதா என்று சொல்லிவிடுவார். நான் தவறு கண்டுபிடித்ததே இல்லை. அவருடைய அப்பா டேனரியில் வேலை பார்த்தவர். என் தாத்தா திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். இதை எழுத்தில் சொல்வது இதுதான் முதல்முறை. பள்ளிக்கூடத்தில் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் 'கம்பெனி' என்று சொல்லச் சொல்லி அப்பா பழக்கியிருந்தார். டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது நாளிதழில் வந்த செய்தியை அப்பா வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உப்புப் போட்ட பச்சைத்தோல் வரும். ஊறவைத்து, சுண்ணாம்பும் சல்ஃபைடும் சேர்ந்த தொட்டியில் போட்டு முடியைக் கழற்றி, சவ்வைச் சீவி, அமிலத்தில் போட்டுப் பிறகு பதனிடுவார்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பதனிடும் பொருள்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் மதராஸில் குரோம் முறையைக் கொண்டுவந்தார். குரோமில் பதனிட்ட தோல் வெளிர்நீல நிறத்தில் வரும், அதை 'வெட் ப்ளூ' என்பார்கள். அதற்குப் பிறகு சாயம், எண்ணெய் ஏற்றுதல், உலர்த்துதல், பூச்சு. கண்டிஷனர் டப்பாவில் விற்கிறார்களே அந்த ஊட்டம், அதைத் தோலின் நாரிழைக்குள் ஏற்றுகிறவர் டேனரியில் டிரம் ஓட்டும் தொழிலாளி. நாம் பூசுவது அதன் நிழல்.

உங்கள் காரின் தோல் வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பதனிட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஊர்கள் முக்கியமாக ஷூவுக்கும் செருப்புக்கும் தோல் தருபவை. ஆனால் வேலையின் படிகள் எங்கேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்குப் புரியாதது இதுதான்: இத்தனை படிகளில் தீட்டு எந்தப் படியில் கழிகிறது? சுண்ணாம்பிலா, குரோமிலா, கடைசிப் பூச்சிலா? எந்த வேதியியலும் இதற்குப் பதில் சொல்லாது. பொருள் கை மாறி, விலை ஏறி, சாதி இந்துவின் வீட்டு வாசலுக்கு வரும்போது கழிந்துவிடுகிறது. பொருளுக்குக் கழிகிற தீட்டு அதைச் செய்தவருக்கு மட்டும் கழிவதில்லை. மிருதங்கத்திலும் இதே கதைதான். அதன் மாட்டுத்தோலையும் அதைச் செய்கிற தலித் கிறித்தவக் குடும்பங்களையும் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் நூல் எழுதியபோது, வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா பின்வாங்கியது. வாத்தியம் மேடைக்கு வரலாம், அது எதனால் ஆனது என்ற பேச்சு வரக் கூடாது.

2002 அக்டோபர் 15 அன்று ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டம் துலினாவில், மாட்டைக் கொன்றார்கள் என்ற வதந்தியின் பேரில் ஐந்து தலித்துகள் போலீஸ் சாவடிக்கு அருகிலேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நான்கு தலித் இளைஞர்களை அடித்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அவர்களைக் கட்டி வைத்திருந்தது ஒரு காரின் பின்புறத்தில். அந்தக் காருக்குள் என்ன இருக்கை இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை வண்டியின் பின்கதவைத் துடைக்கும்போதும் அந்தக் கேள்வி மட்டும் வந்து போகும்.

நம் மாநிலத்தில் இப்படி நடப்பதில்லை என்று ஆறுதல்பட வேண்டாம். இங்கே வேறு விதமாகச் சாகிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் டேனரிகள் கெடுத்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். நடுவில் 19 ஆண்டுகள். கழிவுத் தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிற செய்தி அந்த வட்டாரத்திலிருந்து அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது.

முற்போக்கான நண்பர்கள் சிலர் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள்: வீகன் லெதருக்கு மாறிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. விலங்குகள் மீதுள்ள அக்கறையால் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கடையில் அதே சொல்லைச் 'சுத்தமான வண்டி' என்ற பொருளில் கேட்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ரெக்சினுக்குப் புதுப் பெயர் வைத்தால் சாதி ஒழியாது. அம்பேத்கரும் செத்த மாட்டுச் சுமையை விடச் சொன்னாரே என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். சொன்னார்தான். தோலும் கொம்பும் தரும் வருமானத்தை ஏன் இழக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, அவ்வளவு லாபம் என்றால் நீங்களே அந்த வேலையைச் செய்து சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று பதில் கொடுத்ததை 1956 நாக்பூர் உரையில் அவரே நினைவுகூர்ந்தார். அவர் விடச் சொன்னது பிறப்பை வைத்துத் தலையில் கட்டிய கட்டாயத்தை. ஊனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டபோது சொன்னதும் அதையேதான்.

இனி எங்கள் கடை. நாங்கள் இருக்கை துடைக்கிறவர்கள். எங்களுக்கு இருக்கை இல்லை. காருக்குள் முழங்கால் போட்டு வேலை செய்யலாம், உட்காரக் கூடாது. அது முதலாளியின் விதி, வாடிக்கையாளர் பார்த்தால் பிடிக்காதாம். அந்தக் கோயில் வண்டிக்காரர் ஒருபடி மேலே போய், நாங்கள் முடித்த பிறகு சொந்தத் துண்டு ஒன்றால் இருக்கையை இன்னொரு முறை துடைத்துக்கொண்டார். மதியச் சோறு கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல். கிளீனர் கையில் படும், கையுறை கேட்டால் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்பார்கள். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கேரளா அதை 2018இல் செய்தது. ஜவுளிக்கடைப் பெண்கள் நாளெல்லாம் நிற்கிற கொடுமையைப் பேசிப் பேசித்தான் அது வந்தது. நம் தொழிலாளர் துறை ஜவுளிக்கடைகளைத் தாண்டி, இப்படிப்பட்ட கடைகளுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். இருக்கை, கையுறை, குறைந்தபட்சக் கூலி மூன்றையும் ஒரே நாளில் சோதித்துவிடலாம். வண்டி விடுகிற நீங்களும் கேட்கலாம். மூவாயிரம் ரூபாய் பில் கட்டுகிற வாடிக்கையாளர் கேட்டால் முதலாளி பதில் சொல்வார், நாங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்.

போன வாரம் அந்த வாணியம்பாடி அண்ணனிடம் போனில் பேசினேன். உட்கார ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"வந்துருக்குடா. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுமேல ஓனரோட ஹெல்மெட்டு இருக்கு."