தலைமைத்துவம்: பழகிக்கொள்ள வேண்டிய பணி

பங்கின் ஆண்டுப் பொதுக்கூட்டம் செபத்துடன் ஆரம்பமாகின்றது. சென்ற ஆண்டறிக்கை வாசிக்கப்படுகின்றது. கணக்கறிக்கையும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. அடுத்ததாகப் புதிய நிர்வாகத் தெரிவு என்று பங்குத்தந்தை அறிவித்தவுடன் மண்டபத்தில் அமைதி நிலவுகின்றது. பின்வரிசையில் நின்ற இளையோர் ஒருவர் பின் ஒருவராக வெளியே நழுவுகின்றனர். முன்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து, "பழைய ஆக்களே இருக்கட்டும் சுவாமி" என்கின்றார். கைதட்டலுடன் கூட்டம் நிறைவெய்துகின்றது.

நமது பங்குகள் பலவற்றில் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி இது. கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் இரு தரப்பிலும் முறைப்பாடுகள் எழுகின்றன. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒன்றுக்கும் முன்வருவதில்லை" என்பது பெரியவர்களின் மனத்தாங்கல். "எங்களுக்கு எங்கே இடம் தருகிறார்கள்?" என்பது இளையோரின் கேள்வி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஒரு தவறான எண்ணம் மறைந்திருக்கின்றது. தலைமைத்துவம் என்பது சிலருக்குப் பிறப்போடு வாய்ப்பது, மற்றவர்களுக்கு வாராதது என்ற எண்ணமே அதுவாகும்.

திருவிவிலியம் நமக்குக் காட்டும் தலைவர்கள் இந்த எண்ணத்தை ஏற்பவர்களாக இல்லை. இறைவன் அழைத்தபோது தனக்குப் பேச வராது என்று தயங்கி நின்றவர் மோசே. அவரே பின்னர் ஒரு மக்களினத்தைப் பாலைநிலத்தினூடே வழிநடத்தினார். அழைப்பு ஒரு நாளில் வந்தது. ஆனால், தலைமைக்குரிய திறன்களை அவர் நீண்ட காலம் எடுத்தே கற்றுக்கொண்டார். அவற்றுள் முக்கியமான ஒன்றை அவருக்குக் கற்பித்தவர் அவருடைய மாமனார்.

விடுதலைப் பயண நூலின் பதினெட்டாம் அதிகாரம் அந்நிகழ்வை விபரிக்கின்றது. காலை முதல் மாலை வரை மோசே ஒருவரே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக் கொண்டிருந்தார். மக்களோ அவரைச் சுற்றி நாள் முழுவதும் நின்றுகொண்டிருந்தனர். இதைக் கண்ட இத்திரோ அவரைப் புகழவில்லை. நீர் செய்வது நல்லதல்ல, நீரும் களைத்துப் போவீர், மக்களும் களைத்துப் போவார்கள் என்று மருமகனிடம் வெளிப்படையாகவே கூறினார். ஆயிரவருக்கும், நூற்றுவருக்கும், ஐம்பதின்மருக்கும், பதின்மருக்கும் தலைவர்களை நியமிக்கும்படி ஆலோசனை சொன்னார். அவர்கள் ஆற்றலும் இறையச்சமும் நாணயமும் உடையவர்களாக, கையூட்டை வெறுப்பவர்களாக இருக்க வேண்டும் என்று தகைமைகளையும் வகுத்துக் கொடுத்தார்.

இங்கே இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இத்திரோ இஸ்ரயேலர் அல்லர். அவர் மிதியான் நாட்டுக் குரு. ஆண்டவரோடு முகமுகமாய்ப் பேசிய மோசே, வெளியிலிருந்து வந்த ஒருவரின் குறைகூறலைக் கேட்டு, அதன்படியே செய்தார். இரண்டாவது, எல்லாவற்றையும் தாமே செய்வது தியாகம் போலத் தோன்றினாலும், அது மக்களையும் களைப்படையச் செய்யும் ஒரு தவறு என்பதாகும். இருபது ஆண்டுகளாக ஒரே பொறுப்பைச் சுமந்து, "நான் விட்டால் யார் செய்வார்?" என்று கேட்கும் நல்லுள்ளங்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆனால், அந்த இருபது ஆண்டுகளில் அப்பணியை இன்னொருவருக்கு ஏன் பழக்கவில்லை என்று கேட்பதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதையே. பகிர்ந்து கொடுத்தல் தலைமைத்துவத்தின் முதற் திறன்.

செவிசாய்த்தல் இரண்டாவது திறன். இளவயதில் அரியணை ஏறிய சாலமோன், ஆண்டவரிடம் நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்கக்கூடிய, கேட்டறியும் உள்ளத்தையே கேட்டார். அவருடைய மகன் ரெகபெயாமோ அதற்கு மாறாக நடந்தார். சுமையைக் குறைக்கும்படி மக்கள் வேண்டியபோது, அவர் முதியோரிடமும் ஆலோசனை கேட்டார், தம்முடன் வளர்ந்த இளைஞரிடமும் ஆலோசனை கேட்டார். ஆனால், தமது செருக்குக்கு இதமான சொல்லையே தேர்ந்துகொண்டார். நாடு இரண்டாகப் பிளந்தது. அங்கு நல்ல ஆலோசனை சொன்னவர்கள் முதியோர் என்பதை இளையோர் மறக்கலாகாது. அதேவேளை, ஆறாம் நூற்றாண்டில் துறவற மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ற், முக்கிய விடயங்களில் முழுக் குழுமத்தையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்றும், சிறந்ததை இறைவன் பல வேளைகளில் இளையவருக்கு வெளிப்படுத்துகின்றார் என்றும் அறிவுறுத்தியதை முதியோர் மறக்கலாகாது. வயது எவரையும் ஞானியாக்கிவிடாது. விரும்பாததையும் பொறுமையோடு கேட்கும் பழக்கமே ஞானத்திற்கு வழி திறக்கும்.

மூன்றாவது திறனைப் பற்றி எழுதும்போது என் மனம் உறுத்துகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பங்கின் திருவிழாவில் கலைநிகழ்ச்சிப் பொறுப்பு ஓர் இளம் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. அவள் ஓடியோடி உழைத்தாள். ஆயினும் ஒலிபெருக்கி ஒழுங்கில் ஏற்பட்ட குழப்பத்தால் நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதித்தது. பின்னர் நடந்த கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அவளைக் கடிந்துகொண்டார். இதற்குத்தான் சின்னப் பிள்ளைகளிடம் பொறுப்புக் கொடுக்கக் கூடாது என்றார். அவள் தலைகுனிந்து நின்றாள். அக்கூட்டத்தில் நானும் இருந்தேன். அவளுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த ஆண்டு அவள் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை. நாம் அன்று ஒரு நிகழ்ச்சியின் தாமதத்திற்காக ஒரு தலைவியை இழந்தோம்.

திருத்தூதர் பணிகள் நூலில் இதற்கு ஒத்த ஒரு நிகழ்வு உண்டு. மாற்கு எனப்பட்ட யோவான், பம்பிலியாவில் பணியை இடைநடுவே விட்டுத் திரும்பிச் சென்றார். அடுத்த பயணத்திற்கு அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் உடன்படவில்லை. பர்னபாவோ அவருக்கு மீண்டும் ஒரு வாய்ப்பளிக்க விரும்பினார். கருத்து வேறுபாடு முற்றி இருவரும் பிரிந்தனர். பர்னபா மாற்கை அழைத்துக்கொண்டு சைப்பிரசுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளின் பின்னர், மாற்கு தமது பணிக்குப் பயனுள்ளவர், அவரை அழைத்து வாரும் என்று திமொத்தேயுவுக்கான திருமுகத்தில் பவுலின் பெயராலேயே எழுதப்பட்டிருக்கக் காண்கின்றோம். இரண்டாம் நற்செய்தியை இந்த மாற்கின் பெயரோடு இணைத்தே திருச்சபை மரபு போற்றி வருகின்றது. ஒருமுறை தவறியவர் என்று அவரைப் பர்னபாவும் கைவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? பிறருடைய தவறைத் தாங்கிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை நம்புவதும் தலைவருக்குரிய திறனே.

நான்காவது திறன் இவை அனைத்தினதும் நிறைவாகும். தான் இல்லாத நாளிலும் பணி தொடரும் வண்ணம் ஆட்களை உருவாக்குவதே அது. இதற்கு நாம் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். இரவில் திருப்பலி, பகலில் மறைவு என்று பணியாற்றிய அவர், பின்னர் கண்டி இராச்சியத்திற்குச் சென்றார். அங்கே ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கைகளாலேயே பராமரித்தார்.

அவருடைய துணிவைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். அவருடைய ஒழுங்கமைப்பைப் பற்றிப் பேசுவது குறைவு. முதல் சில ஆண்டுகள் முழுத் தீவுக்கும் தனியொரு குருவாக அலைந்த அவர், எல்லா ஊர்களிலும் எப்போதும் தங்கியிருக்க இயலாது என்பதை அறிந்திருந்தார். ஆகவே ஊர்கள்தோறும் பொதுநிலையினரான மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் பழக்கி, மக்களைச் செபத்தில் ஒன்றுகூட்டவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும், அவசர வேளைகளில் திருமுழுக்கு அளிக்கவும் அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் மொழித்திறனைக் கண்டு, எழுத்துப் பணியில் அவரை ஊக்குவித்தார். சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் அவர் வழியாக நமக்குக் கிடைத்தன. 1711 ஜனவரி 16ஆம் திகதி யோசேவ் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். பணி அவரோடு முடியவில்லை. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றபோதும் இத்தீவில் கத்தோலிக்க விசுவாசம் உயிரோடிருந்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த மூப்பர்களும் அண்ணாவிமாரும் காத்துத் தந்த விசுவாசமும் அங்கே மதிப்புப் பெற்றது எனலாம்.

நமது தலைமுறைக்கும் இந்த அனுபவம் உண்டு. 1995இல் வலிகாமத்திலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், அதன் பின்னர் வந்த இடப்பெயர்வுகளின்போதும், மர நிழலில் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்த இளையோரையும், உணவு பங்கிட்ட இளையோரையும் நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கின்றோம். அன்று அவர்களுடைய வயதை எவரும் கேட்கவில்லை. தேவை அவர்களைத் தலைவர்களாக்கியது. இடரான காலத்தில் நம்பிய இளையோரை அமைதிக் காலத்தில் நம்ப மறுப்பது நியாயமா?

ஆகவே, இத்திறன்களைப் பழக்கும் முதற் பள்ளி நமது வீடாகட்டும். இரவுச் செபத்தை ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளில் ஒருவர் நடத்தட்டும். அவர் வாசகத்தைத் தெரிவுசெய்யட்டும், மன்றாட்டுகளைத் தாமே சொல்லட்டும். தடுமாறினால் சிரிக்காதிருப்போம். குடும்பத்தின் காரியமொன்றைத் தீர்மானிக்கும்போது இளைய பிள்ளையின் கருத்தை முதலில் கேட்போம். சந்தைக்குச் சென்றுவரப் பணம் கொடுத்தால், மீதியோடு கணக்கையும் கேட்டு வாங்குவோம். சிறியவற்றில் நம்பிக்கைக்குரியவராய் இருப்பவரே பெரியவற்றிலும் அவ்வாறு இருப்பார் என்பது ஆண்டவரின் போதனை அன்றோ? நாம் தவறும்போது பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கவும் தயங்க வேண்டாம். தவறை ஏற்றுக்கொள்ளும் தலைமையை அவர்கள் வேறெங்கே காண்பார்கள்?

பங்கிலும் சில எளிய ஒழுங்குகள் போதும். ஒவ்வொரு பொறுப்பாளரும் ஓர் இளையவரைத் துணையாளராகச் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு பதவியில் ஒருவர் இருக்கக்கூடிய காலத்திற்கு எல்லை வகுக்கப்படட்டும். திருவிழாக் கணக்கு அடுத்த மாதத்திற்குள் அறிவித்தற் பலகையில் இடம்பெறட்டும். "பிள்ளைகள் பிழைவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்போர் உண்டு. பணமும் மக்களின் நம்பிக்கையும் சம்பந்தப்பட்ட இடத்தில் அக்கேள்வி நியாயமானதே. அதனாற்றான் திடீரெனப் பதவியைக் கையளிக்காது, அருகிலிருந்து பழக்க வேண்டும் என்கின்றோம். குறையைத் தனிமையில் எடுத்துரைத்து, நிறைவைச் சபையில் பாராட்டுவோம்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. மேடை கிடைக்கும்வரை காத்திராதீர்கள். நேரத்திற்கு வருதல், கூட்ட அறிக்கை எழுதுதல், கணக்கு வைத்தல், சுருக்கமாகப் பேசுதல், ஏற்ற பணியை முடித்தல் ஆகிய சிறு பயிற்சிகளே பெரும் பொறுப்புக்கான படிகள். அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகத் தெரிவு வரும்போது வெளியே செல்லாது அமர்ந்திருங்கள்.

இறுதி இராவுணவின்போது ஆண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். சில மணி நேரத்தில் தம்மை மறுதலிக்கவிருந்த பேதுருவின் பாதங்களையும் கழுவினார். தவறப்போகின்றவர் என்று அறிந்தும் அவரிடமே பின்னர் தமது மந்தையை ஒப்படைத்தார். நமது வீட்டிலும் பங்கிலும் யாருடைய பாதத்தை நாம் இன்னும் கழுவவில்லை? யாரை இன்னும் நம்பவில்லை? இவ்வாரம் குடும்பமாக அமர்ந்து இக்கேள்விகளைத் தியானிப்போம். கேட்கும் செவியையும், பகிரும் கையையும், மன்னிக்கும் மனத்தையும் ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.