தூதரகத்தை மூடலாம், குடிமக்களைக் கைவிடக் கூடாது

2012 செப்டம்பர் 7 அன்று கனடா தெஹ்ரானிலிருந்த தன் தூதரகத்தை மூடியது. ஒட்டாவாவிலிருந்த ஈரானியத் தூதரக அதிகாரிகளை ஐந்து நாட்களுக்குள் வெளியேறச் சொன்னது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் தெஹ்ரானின் பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் கும்பல் புகுந்து சூறையாடியிருந்தது. தன் ஊழியர்களின் உயிருக்குக் கனடா அஞ்சியதில் தவறில்லை. ஊழியர்கள் பத்திரமாக ஊர் திரும்பினார்கள். ஆனால் பெற்றோரையும் உறவினரையும் பார்க்க ஈரானுக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கான கனடியர்களுக்கு உதவக் கனடிய அதிகாரி ஒருவரும் அங்கே மிஞ்சவில்லை.

அதன் விலை 2020 ஜனவரி 8 அன்று தெரிந்தது. தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானியப் புரட்சிக் காவல்படை ஏவுகணை வீசி வீழ்த்தியது. இறந்த 176 பேரில் 55 பேர் கனடியக் குடிமக்கள், 30 பேர் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள். உதவிக்கு விரைந்த கனடிய அதிகாரிகள் துருக்கியின் அங்காராவில் ஈரானிய விசாவுக்காகக் காத்துக்கிடந்தார்கள். உடலை அடையாளம் காட்டவும் அடக்கம் எங்கே என்று முடிவெடுக்கவும் வேண்டிய நாட்களில் குடும்பங்கள் தனியே தவித்தன.

இந்த நிலை கட்டாயமானதல்ல. அரசியல் உறவு முறிவதாலேயே, அயல்நாட்டிலுள்ள குடிமக்களுக்கு உதவும் கான்சுலர் உறவும் முறிந்துவிடாது என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தன் இரண்டாவது பிரிவிலேயே சொல்கிறது. 1980இல் ஈரானோடு உறவை முறித்த அமெரிக்கா, தன் குடிமக்களின் பொறுப்பை சுவிட்சர்லாந்திடம் ஒப்படைத்தது. ஈரானின் அலுவல்களை வாஷிங்டனில் பாகிஸ்தான் தூதரகத்திலுள்ள ஒரு பிரிவு கவனிக்கிறது. இவ்வளவு பகைக்கு நடுவிலும் அந்த வழி அடைபடவில்லை.

ஈரானியக் கனடியர்களின் இரட்டைக் குடியுரிமையை ஈரான் ஏற்பதில்லை, அவர்களைத் தன் குடிமக்களாகவே கருதுகிறது, தூதரகம் இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கிறார்கள். வலுவான கேள்விதான். 2003இல் தெஹ்ரான் காவலில் கனடியப் புகைப்படச் செய்தியாளர் ஒருவர் இறந்தபோது தூதரகம் திறந்தேதான் இருந்தது. ஆனால் அன்று கனடா தன் தூதரைத் திரும்ப அழைத்துக் கண்டிக்க முடிந்தது. அங்கே ஆளே இல்லாத நாட்டுக்கு அந்த ஆயுதமும் கிடையாது.

ஈரானுடன் உறவைப் புதுப்பிக்கும் பேச்சை நிறுத்த வேண்டுமென 2018 ஜூனில் கனடிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அரசியல் உறவில் அந்த நிலைப்பாடே தொடரட்டும். கான்சுலர் சேவையை அதிலிருந்து பிரித்தெடுத்து, அதற்கென மட்டும் ஒட்டாவா இப்போதே பேச வேண்டும். இனி எந்தத் தூதரகத்தை மூடினாலும், எந்த நாடு பொறுப்பேற்கிறது, அதன் அதிகாரிகள் சிறைக்கும் பிணவறைக்கும் போக எதிர்த்தரப்பு இசைந்திருக்கிறதா என்பதை நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே சொல்லும்படி அரசைக் கட்டாயப்படுத்தும் சட்டம் தேவை.