அடிக்கோடு சொல்லும் எல்லை

1972 டிசம்பரில் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் எழுதிய ஒரு கட்டுரை, கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம்மின் இதழில் வெளியானது. பெரிய நிரலை எந்த அடிப்படையில் மாட்யூல்களாகப் பிரிப்பது என்பதுதான் அதன் கேள்வி. தலைப்புகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் முன்னுக்குக் கொண்டுவந்து அகரவரிசைப் பட்டியல் தயாரிக்கும் சின்ன நிரல் ஒன்றை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். வேலை நடக்கும் வரிசைப்படி அதை ஒருமுறை பிரித்தார். பிற்காலத்தில் மாறக்கூடிய முடிவுகள் ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்து இன்னொரு முறை பிரித்தார். வரிகளை நினைவகத்தில் அடுக்கும் முறையை மாற்றினால் முதல் பிரிப்பில் எல்லா மாட்யூல்களிலும் கைவைக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒன்றே ஒன்றைத் திருத்தினால் போதும்.

இந்த யோசனை உடனே ஏற்கப்படவில்லை. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்தைத் தலைமையேற்று உருவாக்கிய ஃபிரெட் புரூக்ஸ், எல்லா நிரலரும் எல்லாப் பகுதிகளையும் பார்க்க வேண்டும் என்ற கட்சி. 1975இல் வெளியான ‘தி மிதிக்கல் மேன்-மன்த்’ நூலில் பார்னஸின் வழியை அவர் கடுமையாக மறுத்தார். 1995இல் அந்நூலின் இருபதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, பார்னஸ் சொன்னதே சரி என்று வெளிப்படையாக எழுதினார். அத்தனை பெரிய மனிதர் மனம் மாற இருபது ஆண்டுகள் ஆயின. அத்தோடு கொள்கை வென்றுவிட்டது. நடைமுறையில் அது இன்னும் வெல்லவில்லை என்பதுதான் என் கவலை.

மறைத்து வைத்ததை அடுத்தவர் தொடாமல் காப்பது எப்படி? மாடுலா-2, அடா போன்ற மொழிகள் அந்தப் பொறுப்பைக் கம்பைலரிடம் கொடுத்தன. வெளியே அறிவிக்காத ஃபங்ஷனை வேறு மாட்யூல் கூப்பிட்டால் நிரல் கம்பைலே ஆகாது. பெர்லும் பைத்தானும் வேறு வழியில் போயின. ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் அது உள்வேலைக்கு உரியது என்று அர்த்தம். மொழி யாரையும் தடுக்காது. வழக்கத்தை மதிப்பது நிரலரின் பொறுப்பு.

இந்த நம்பிக்கை சின்னக் குழுவில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு வங்கி நிரலில் ‘_வட்டி_கணக்கு’ என்ற உள் ஃபங்ஷன் இருப்பதாக வையுங்கள். அறிக்கை தயாரிக்கும் மாட்யூலை எழுதுபவருக்கு அதே கணக்கு வேண்டும், நாளைக்குள் முடிக்கவும் வேண்டும். அடிக்கோட்டைப் பார்த்தும் கூப்பிட்டுவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து ஃபங்ஷனின் சொந்தக்காரர், தன் மாட்யூலுக்குள் மட்டும் புழங்குகிறது என்று நம்பி, ஆண்டு வட்டிக்குப் பதில் மாத வட்டி திரும்பிவரும்படி அதை மாற்றுகிறார். அவருடைய சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. அறிக்கையில் வரும் தொகை மட்டும் தப்பு. இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவும் இல்லை. எல்லை மீறப்பட்ட அந்த நாளில் அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்வதற்கென்றே ஒரு கருவி மரபு இருக்கிறது. நிரலை ஓட்டாமல், எழுதியதை எழுதியபடி படித்துச் சந்தேகமான இடங்களைக் காட்டும் ‘லின்ட்’, பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கியது. 1979இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது பரவியது. பெர்ல் உலகுக்கு அப்படி வந்தது ‘பெர்ல் கிரிட்டிக்’. டேமியன் கான்வே 2005இல் வெளியிட்ட ‘பெர்ல் பெஸ்ட் பிராக்டிசஸ்’ நூலின் அறிவுரைகளை அடிப்படையாகக் கொண்டு ஜெஃப்ரி தால்ஹாமர் தொடங்கியது. அதில் ‘புரொடெக்ட் பிரைவேட் சப்ஸ்’ என்று ஒரு விதி உண்டு. வேறு பேக்கேஜின் பெயரைச் சொல்லி அடிக்கோட்டு ஃபங்ஷனை எங்கே கூப்பிட்டாலும் கோப்பையும் வரி எண்ணையும் காட்டிவிடும்.

கருவிக்கு எல்லைகள் உண்டு. யூனிக்ஸின் சில அமைப்பு மாறிலிகள் எல்லோருக்கும் பொதுவானவை; ஆனாலும் அவற்றின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். அவற்றுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மெத்தட் பெயரை ஒரு மாறியில் வைத்துக் கூப்பிட்டால் கருவிக்குத் தெரியாது. இதைவிட முக்கியமான ஒன்று: பெர்ல் கிரிட்டிக்கின் ஐந்து கண்டிப்பு நிலைகளில் இந்த விதி நடு நிலையில் இருக்கிறது. அமைப்பில் எதையும் மாற்றாமல் ஓட்டினால் மிகக் கடுமையான தவறுகள் மட்டுமே காட்டப்படும். கருவியை நிறுவியதோடு நின்றுவிட்ட குழுவுக்கு இந்த எச்சரிக்கை வரவே வராது.

பூட்டுப் போட்ட மொழிகளாவது தப்பித்தனவா? ஜாவாவின் கதை இல்லை என்கிறது. ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்கு எழுதிய வகுப்புகள் ‘சன்.மிஸ்க்’ என்ற பேக்கேஜில் இருந்தன. அவற்றைத் தொடாதீர்கள் என்று நிறுவனம் தொடக்க காலத்திலேயே எழுதி வைத்தது. ஆனால் வேறு பேக்கேஜ்கள் பயன்படுத்துவதற்காக ‘பப்ளிக்’ என்று அறிவித்த வகுப்பு அன்று உலகம் முழுவதற்கும் பப்ளிக் ஆகிவிட்டது. இடைநிலை எதுவும் அப்போது மொழியில் இருக்கவில்லை. தரவை எழுத்துகளாக மாற்றும் ‘பேஸ்64 என்கோடர்’ அங்கே கிடைத்தது. எடுத்துக்கொண்டார்கள். கம்பைல் செய்யும் ஒவ்வொரு முறையும் இது உள் வகுப்பு, பிற்காலத்தில் நீக்கப்படலாம் என்று எச்சரிக்கை வந்தது. ஆண்டுக்கணக்கில் வந்த எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை.

மாற்றம் 2014இல் தொடங்கியது. ஜாவா 8 இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. ‘ஜாவா.யூடில்.பேஸ்64’ என்ற பொது வகுப்பைக் கொடுத்தது. கூடவே ‘ஜேடெப்ஸ்’ என்ற கருவியையும் கொடுத்தது. கம்பைல் ஆன கோப்புகளைப் படித்து, எந்தெந்த உள் வகுப்புகளை நீங்கள் நம்பியிருக்கிறீர்கள் என்று அது பட்டியல் போடும். பேஸ்64 என்கோடரைக் கண்டால் அதற்குப் பதில் எதைப் பயன்படுத்தலாம் என்ற பரிந்துரையும் கீழே வரும். குற்றம் சொல்வதோடு நில்லாமல் வழியும் சொன்ன அந்தப் பட்டியலை இந்தத் துறையின் மிக நாகரிகமான படைப்புகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9 பழைய வகுப்பை நீக்கியது.

அப்போதும், அதே பேக்கேஜில் இருந்த, நினைவகத்தை நேரடியாகக் கையாளும் ‘அன்சேஃப்’ வகுப்பை நீக்க முடியவில்லை. நெட்டி, கசாண்ட்ரா, ஸ்பார்க் என்று பெரிய மென்பொருள்கள் அதன்மேல் நின்றன. பொது மாற்று போதுமான அளவுக்கு இல்லை. அதைத் திறந்தே விட்டார்கள். மற்ற உள் பகுதிகளுக்கு ஜாவா 16இல் தடையை இயல்பாக்கி, 2021 செப்டம்பரின் ஜாவா 17இல் தடையை மொத்தமாகத் தளர்த்தும் வசதியையும் எடுத்தார்கள். அன்சேஃபின் நினைவக வேலைகளுக்கு முழுமையான பொது மாற்று 2024 மார்ச்சில் ஜாவா 22உடன் நிலைபெற்றது. அதற்குப் பிறகுதான், அடுத்த பதிப்பில், அந்த மெத்தட்கள் நீக்கப்படவிருப்பதாக அறிவிப்பு வந்தது. 1990களில் போடாத தடுப்பைப் போட இவ்வளவு காலம் பிடித்தது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு இது. வெறும் வழக்கம் அவசரத்தில் தோற்கும். தாமதமாகப் போடும் பூட்டு நல்ல மென்பொருளையும் உடைக்கும். எல்லை மீறப்படும் அன்றே மீறுபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சலிக்காமல் செய்யக் கருவியால்தான் முடியும். மீறல் பட்டியலை மாட்யூலின் சொந்தக்காரரும் படிக்க வேண்டும். ஐந்து பேர் அதே உள் ஃபங்ஷனைத் தேடி வந்தால், அங்கே ஒரு பொது ஃபங்ஷன் தேவைப்படுகிறது என்றே பொருள். ஐந்து பேரையும் திட்டுவதைவிட அந்த ஒன்றை எழுதிக் கொடுப்பது சுலபம்.

நிரல் எழுதும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுத் திட்டம் தொடங்கும்போது, நிரல் சில நூறு வரிகளாக இருக்கும்போதே எல்லை மீறலைக் காட்டும் இந்தச் சோதனையை இயக்குங்கள். பழைய திட்டமானால் இருக்கும் மீறல்களைப் பதிவு செய்துவிட்டுப் புதியது சேராமல் பாருங்கள். விலக்குக் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் காரணத்தை அதே வரியில் எழுதுங்கள்; அடுத்து வருபவர் உங்களைக் கேட்க முடியாமல் போகலாம்.